பலகையில் இருக்கு, மூட்டையில் இல்லை: சொந்தமாக ஒரு டெபியன் களஞ்சியம் நடத்த

ரேஷன் கடை வாசலில் ஒரு பலகை தொங்கும். பச்சரிசி இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, பாமாயில் இவ்வளவு என்று அன்றைய இருப்பு அதில் எழுதியிருக்கும். மூட்டையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பலகையைப் பார்த்துத்தான் வரிசையில் நிற்கிறோம். உள்ளே சரக்கு தீர்ந்த பிறகும் பலகையை அழிக்காமல் விட்டால் ஒரு சண்டை வருமே, அதை ஒரு முறை பார்த்தவருக்கு மென்பொருள் களஞ்சியம் என்பது பாதி புரிந்த மாதிரிதான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்னக் கணினிப் பயிற்சி நிலையத்தின் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். 18 கணினிகள், எல்லாவற்றிலும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இணைய இணைப்பு. தமிழ் எழுத்துரு, தமிழ்99 விசைப்பலகை, எங்கள் அச்சுப்பொறியின் அமைப்பு ஆகியவற்றை முன்பெல்லாம் பென்டிரைவோடு ஒவ்வொரு கணினியாகப் போய்ப் போடுவேன். 18-ஆவது கணினிக்கு வரும்போது முதல் கணினியில் என்ன போட்டேன் என்பது மறந்திருக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அதற்குப் பிறகு எங்களுக்கு மின்சாரம் திரும்பியும் இணையம் திரும்பவில்லை. அந்த நாட்களில்தான், கணினிகள் தாமே மென்பொருளை எடுத்துக்கொள்ள நம் சுவருக்குள்ளேயே ஒரு களஞ்சியம் இருந்தால் என்ன என்று உட்கார்ந்தேன். அதை எப்படி அமைப்பது, எங்கே இடறும் என்பதுதான் இந்தக் கட்டுரை. முனையத்தில் ஓர் அடைவுக்குள் போய் வரவும், ஒரு கோப்பைத் திறந்து திருத்திச் சேமிக்கவும் தெரிந்தால் போதும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். தமிழில் அப்படியே அடித்தால் முனையம் முழிக்கும். ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன், குழப்பும் பெயர்களை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகிறேன். கணினியின் பெயர், பொதியின் பெயர் எல்லாம் உங்கள் விருப்பம்.

உள்ளே என்ன இருக்கிறது

டெபியன் களஞ்சியத்தில் இரண்டு அடைவுகள்தான் முக்கியம். 'பூல்' என்பது மூட்டைகள் கிடக்கும் அறை, 'டெப்' என்று முடியும் பொதிக் கோப்புகள், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்கள், எல்லாம் அங்கே. 'டிஸ்ட்ஸ்' என்பது பலகை. பலகையிலும் இரண்டு அடுக்கு உண்டு. 'பேக்கேஜஸ்' என்ற கோப்பில் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பத்தி: பெயர், பதிப்பு எண், அது சார்ந்திருக்கும் பிற பொதிகள், பூலுக்குள் எங்கே இருக்கிறது, எத்தனை பைட், அதன் ஷா256 சரிபார்ப்பு எண் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுப்பது). அதற்கு மேலே 'ரிலீஸ்' என்ற கோப்பு. இதில் பேக்கேஜஸ் கோப்புகளின் சரிபார்ப்பு எண்கள் இருக்கும். கையெழுத்து இந்த ஒரு கோப்பில்தான் விழுகிறது. கையெழுத்தோடு சேர்ந்த வடிவத்துக்கு 'இன்ரிலீஸ்' என்று பெயர்.

டெபியனில் பொதிகளுக்குத் தனித்தனியாகக் கையெழுத்து போடுவதில்லை. மேலே ஒரு முத்திரை, அது பலகைக்குச் சாட்சி, பலகை மூட்டைக்குச் சாட்சி. அதனால்தான் முன்பின் தெரியாத ஒரு கண்ணாடித் தளத்திலிருந்து (களஞ்சியத்தின் நகலை வைத்திருக்கும் தளம்), பூட்டில்லாத எச்டிடிபி வழியாகக்கூட, நம்பிப் பொதிகளை இறக்க முடிகிறது. வழியில் ஒரு பைட் மாறினாலும் கணக்கு உதைக்கும்.

பொதிகளை இறக்கி நிறுவும் டெபியன் கருவிக்கு 'ஆப்ட்' என்று பெயர். 'ஆப்ட் அப்டேட்' என்றால் பலகையைப் படித்துக்கொள் என்று பொருள், 'ஆப்ட் இன்ஸ்டால்' என்றால் மூட்டையை எடுத்து வா. இனி வரும் பிழைகளில் முக்கால்வாசி, பலகைக்கும் மூட்டைக்கும் கணக்கு ஒத்துப்போகாததால் வருபவை.

ஒரு பொதி கட்டுவோம்

களஞ்சியத்தில் வைக்க ஏதாவது வேண்டுமே. 'லேப்-தமிழ்' (எல் ஏ பி, கோடு, டி ஏ எம் ஐ எல்) என்று ஓர் அடைவு உருவாக்குங்கள். அதற்குள் 'டெபியன்' என்று இன்னொன்று, இதில் எல்லா எழுத்தும் பெரிய எழுத்து. அதற்குள் 'கன்ட்ரோல்' என்று ஒரு கோப்பு:

பேக்கேஜ்: லேப்-தமிழ்
வெர்ஷன்: 1.0
ஆர்க்கிடெக்சர்: ஆல்
மெயின்டெய்னர்: உங்கள் பெயர், மின்னஞ்சல்
செக்‌ஷன்: மிஸ்க்
ப்ரயாரிட்டி: ஆப்ஷனல்
டிபெண்ட்ஸ்: ஃபான்ட்ஸ்-லோஹித்-டாம்ல், ஐபஸ்-எம்17என்
டிஸ்க்ரிப்ஷன்: ஆய்வகத் தமிழ் அமைப்புகள்

இடப்பக்கச் சொற்களின் முதல் எழுத்து பெரியது. 'டாம்ல்' என்பது டி ஏ எம் எல். மின்னஞ்சலைக் கோண அடைப்புக்குள் வையுங்கள். கடைசி வரிக்குப் பின் ஒரு தடவை என்டர் தட்டுங்கள், வரி முடியாமல் நின்றால் கட்டும் கருவி முரண்டு பிடிக்கும். செக்‌ஷன், ப்ரயாரிட்டி இரண்டையும் சும்மா அலங்காரம் என்று நினைத்து நான் முதலில் விட்டுவிட்டேன். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

கணினிகளில் எந்தக் கோப்பு எங்கே போய் உட்கார வேண்டுமோ, அதே பாதையை லேப்-தமிழ் அடைவுக்குள் அப்படியே அமைத்துக் கோப்புகளை வையுங்கள். அப்புறம் வெளியே வந்து:

டிபிகேஜி-டெப் --ரூட்-ஓனர்-க்ரூப் --பில்ட் லேப்-தமிழ் .

டிபிகேஜி என்பது டி, பி, கே, ஜி. கடைசியில் இருக்கும் புள்ளியை விடாதீர்கள். புள்ளி என்றால் 'இந்த அடைவிலேயே வை, பெயரை நீயே போட்டுக்கொள்' என்று பொருள், பெயர், பதிப்பு, கட்டமைப்பு (எந்த வகைச் செயலிக்கு என்பது, 'ஆல்' என்றால் எல்லாவற்றுக்கும்) மூன்றையும் அடிக்கோட்டால் இணைத்து அதுவே கோப்புக்குப் பெயர் வைக்கும். நடுவில் வரும் நீளமான விருப்பம், உள்ளே இருக்கும் கோப்புகளை உங்கள் பயனர் பெயரில் இல்லாமல் ரூட் (கணினியின் நிர்வாகிக் கணக்கு) பெயரில் பதிய வைக்கிறது. இது இல்லாமல் கட்டினால் மாணவர் கணினியில் கோப்பின் உரிமையாளர் யாரோ ஒருவராக இருப்பார்.

கட்டியதும் --இன்ஃபோ, --கன்டென்ட்ஸ் என்ற இரண்டு விருப்பங்களோடு அதே கருவியை ஓட்டி உள்ளே என்ன போயிருக்கிறது என்று பாருங்கள். பத்து நொடி வேலை. நான் ஒரு முறை பார்க்காமல் விட்டு, என் திருத்தியின் தற்காலிகக் கோப்புகளை 18 கணினிக்கும் விநியோகித்தேன்.

ஐந்து நிமிடக் களஞ்சியம், உடைத்துப் பார்க்க

'டிபிகேஜி-டெவ்' பொதியை நிறுவுங்கள். /எஸ்ஆர்வி/ட்ரையல் என்று ஓர் அடைவு உருவாக்கி (எஸ்ஆர்வி என்பது எஸ், ஆர், வி) உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, கட்டிய பொதியை அதில் போடுங்கள். அதே அடைவில் நின்று:

டிபிகேஜி-ஸ்கேன்பேக்கேஜஸ் . > பேக்கேஜஸ்

கோப்பின் பெயரில் முதல் பி பெரிய எழுத்து. பலகை தயார். திறந்து படித்துப் பாருங்கள், மேலே சொன்ன பத்தி அப்படியே இருக்கும். இனி /இடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்.டி அடைவில், பெயர் '.லிஸ்ட்' என்று முடியும் கோப்பு ஒன்று, அதில் ஒரே வரி:

டெப் [ட்ரஸ்டட்=யெஸ்] ஃபைல்:/எஸ்ஆர்வி/ட்ரையல் ./

ஆப்ட் அப்டேட் கொடுத்துவிட்டு லேப்-தமிழை நிறுவுங்கள். வேலை செய்யும். இப்போது பொதியை நீக்கிவிட்டு, ஆப்டின் இடைச்சேமிப்பை 'ஆப்ட் க்ளீன்' கொடுத்துத் துடைத்துவிட்டு, ட்ரையல் அடைவிலிருந்து அந்த டெப் கோப்பை வேண்டுமென்றே அழியுங்கள். பலகையைத் தொட வேண்டாம். மறுபடி நிறுவப் பாருங்கள். பொதி இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று கிளம்பிப் போய், கோப்பைக் காணோம் என்று ஆப்ட் திரும்பி வரும். வெறுங்கையோடு நிற்கும் குடும்ப அட்டைதாரர் அதுதான். இந்தப் பிழையை ஒரு முறை உங்கள் கையால் வரவழைத்துப் பார்த்தால் பின்னால் அது எங்கே வந்தாலும் முகம் தெரியும்.

பார்த்தாயிற்றா? அந்த லிஸ்ட் கோப்பை அழித்துவிடுங்கள். 'ட்ரஸ்டட்' என்று எழுதியது, முத்திரை பார்க்காதே என்று ஆப்டின் கண்ணைக் கட்டியதற்குச் சமம். வகுப்பறை விளையாட்டுக்குச் சரி, நாலு பேர் பயன்படுத்தும் இடத்துக்கு ஆகாது.

சாவி

ஒழுங்கான களஞ்சியத்துக்கு முத்திரை வேண்டும், முத்திரை போட ஒரு சாவி வேண்டும், அதை உருவாக்கித் தருவது 'ஜிபிஜி' (ஜி, பி, ஜி) என்ற கருவி. இதற்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கு உருவாக்குங்கள், நான் 'ரெப்போ' என்று வைத்திருக்கிறேன். சாவி உருவாக்குவதிலிருந்து பொதி சேர்ப்பது வரை எல்லாம் இந்தக் கணக்கிலேயே நடக்கட்டும். நடுவில் ஒரு தடவை பழக்க தோஷத்தில் 'சூடோ' (ரூட் அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) போட்டு ஓட்டினால் கருவி ரூட்டின் சாவிக்கொத்தைப் போய்த் துழாவும், சாவி இல்லை என்று சொல்லும். போதாததற்குச் சில கோப்புகள் ரூட் பெயருக்கு மாறி, மறுநாள் உங்கள் கணக்கால் எழுத முடியாமல் நிற்கும். இந்தச் சிக்கலில் ஒரு மதியம் முழுக்கப் போனது எனக்கு.

ஜிபிஜி --ஃபுல்-ஜெனரேட்-கீ

கேட்கும் கேள்விகளுக்கு இயல்பாகத் தரும் விடையையே ஏற்கலாம். காலாவதி மட்டும் 2 ஆண்டு என்று கொடுங்கள். முடிந்ததும் --லிஸ்ட்-சீக்ரெட்-கீஸ் கொடுத்தால் 40 எழுத்து நீளத்தில் ஒரு கைரேகை தெரியும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முத்திரையைச் சரிபார்க்க மட்டும் உதவும் பொதுச் சாவியைக் கோப்பாக எடுக்க:

ஜிபிஜி --எக்ஸ்போர்ட் கைரேகை > லேப்.ஜிபிஜி

இந்தக் கோப்பை யாருக்கும் கொடுக்கலாம், கணினிகளுக்குக் கொடுக்கப் போவதும் இதைத்தான்.

ரெப்ரெப்ரோ

பலகையையும் மூட்டையையும் சேர்த்துக் கணக்கு வைத்துக்கொள்ளும் கருவிகள் சில உண்டு. சிறிய இடத்துக்கு என் கை போவது ரெப்ரெப்ரோவிடம்: ஆர் ஈ பி ஆர் ஈ பி ஆர் ஓ. பெயரை வாயில் நுழைத்துக்கொள்ள இரண்டு நாள் ஆகும். கட்டளை கொடுத்தால் வேலையை முடித்துவிட்டு வெளியேறிவிடும், பின்னணியில் எதுவும் ஓடிக்கொண்டிருக்காது. பழைய இரண்டு ஜிபி நினைவகக் கணினிகூட இதற்குத் தாராளம்.

நிறுவிவிட்டு /எஸ்ஆர்வி/டெப் அடைவை ரெப்போ கணக்கின் பெயரில் உருவாக்குங்கள். அதற்குள் 'கான்ஃப்', அதற்குள் 'டிஸ்ட்ரிப்யூஷன்ஸ்' என்ற கோப்பு:

ஆரிஜின்: மஞ்சக்குப்பம் லேப்
கோட்நேம்: ட்ரிக்ஸி
ஆர்க்கிடெக்சர்ஸ்: ஏஎம்டி64
காம்பொனன்ட்ஸ்: மெயின்
சைன்வித்: கைரேகை

சைன்வித்தில் எஸ், டபிள்யூ இரண்டும் பெரிய எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. கோட்நேமாக உங்கள் ஊர்ப் பெயரைக்கூட வைக்கலாம், கருவி தடுக்காது. ஆனாலும் கணினிகளில் ஓடும் டெபியனின் பெயரையே வைப்பது நல்லது. ட்ரிக்ஸி என்பது 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13. அடுத்த வெளியீட்டுக்குப் பாதிக் கணினிகள் மாறி, பாதி மாறாமல் இருக்கும் காலம் ஒன்று வரும். அப்போது ஒரு வெற்று வரி விட்டு இன்னொரு பத்தி சேர்த்தால் இரண்டும் தனித்தனியாக நடக்கும். 'ஆல்' கட்டமைப்பை இந்தப் பட்டியலில் எழுத வேண்டாம், அந்தப் பொதிகள் தாமாகவே எல்லாக் கட்டமைப்பின் பலகையிலும் ஏறும்.

பொதியைச் சேர்க்க:

ரெப்ரெப்ரோ -பி /எஸ்ஆர்வி/டெப் இன்க்ளூட்டெப் ட்ரிக்ஸி லேப்-தமிழ்_1.0_ஆல்.டெப்

சாவியின் கடவுச்சொல்லைக் கேட்கும். கொடுத்ததும் பொதி பூலுக்குள் தன் இடத்துக்குப் போகும், பலகை திருத்தப்படும், முத்திரை விழும். பூலுக்குள் பார்த்தால் மெயின், அதற்குள் எல், அதற்குள் லேப்-தமிழ் என்று பெயரின் முதல் எழுத்துவாரியாக அடுக்கியிருக்கும். 'லிப்' என்று தொடங்கும் பெயர்கள் எக்கச்சக்கம் என்பதால் அவற்றுக்கு மட்டும் முதல் நான்கு எழுத்தில் அடைவு. பெரிய டெபியனிலும் இதே அடுக்குதான்.

இருப்பதைப் பார்க்க 'லிஸ்ட் ட்ரிக்ஸி', ஒரு பொதி எந்தெந்த வெளியீட்டில் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று பார்க்க 'எல்எஸ் லேப்-தமிழ்', நீக்க 'ரிமூவ் ட்ரிக்ஸி லேப்-தமிழ்'. மூன்றுக்கும் முன்னால் அதே ரெப்ரெப்ரோ, அதே -பி, அதே பாதை.

எனக்கு வந்த பிழைகள்

முதலாவது: செக்‌ஷனும் ப்ரயாரிட்டியும் இல்லை, அதனால் இந்தப் பொதியைத் தவிர்க்கிறேன் என்று ரெப்ரெப்ரோ சொல்லும். கையால் கட்டிய பொதிகளிலும் சில நிறுவனங்கள் தரும் பொதிகளிலும் இந்த இரண்டு வரிகள் இருக்காது. உங்கள் பொதி என்றால் கன்ட்ரோல் கோப்பில் சேர்த்து மறுபடி கட்டுங்கள். பிறர் பொதி என்றால் இன்க்ளூட்டெபுக்கு முன்னால் '-எஸ் மிஸ்க் -பி ஆப்ஷனல்' என்று நாமே சொல்லிவிடலாம், இங்கே எஸ், பி இரண்டும் பெரிய எழுத்து. சிறிய பி எழுத்து களஞ்சியத்தின் பாதைக்கு, அது ஆங்கிலத்தில் 'பால்' என்பதன் பி. ப்ரயாரிட்டிக்கு 'பேப்பர்' என்பதன் பி. தமிழில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் வகுப்பில் ஒவ்வொரு முறையும் இங்கே குழப்பம் வரும்.

இரண்டாவது கொஞ்சம் வஞ்சகமானது. பொதியில் ஒரு சின்னத் தவறு, திருத்தி அதே 1.0 என்ற எண்ணிலேயே மறுபடி கட்டிச் சேர்க்கிறீர்கள். இதே பெயரில் வேறு சரிபார்ப்பு எண்ணோடு ஏற்கெனவே ஒரு கோப்பு பதிவாகியிருக்கிறது என்று மறுக்கும். மறுப்பது நியாயம். அந்த 1.0-ஐ நிறுவிய கணினிகள், தங்களிடம் இருப்பதும் பலகையில் இருப்பதும் ஒன்றே என்று நினைத்துச் சும்மா இருந்துவிடும். ஒரு எழுத்தை மாற்றினாலும் எண்ணை ஏற்றுங்கள். எண் காசு கேட்பதில்லை.

நான் அதைச் செய்யவில்லை. பிழைச் செய்தியைப் படித்துவிட்டு, பூலுக்குள் நானே போய் அந்தக் கோப்பை 'ஆர்எம்' கொடுத்து அழித்தேன். அழித்தால் தடை நீங்கிவிடும் என்று கணக்கு. ரெப்ரெப்ரோ தன் பேரேட்டை 'டிபி' என்ற அடைவில் வைத்திருக்கிறது, அதில் அந்தக் கோப்பு இன்னும் இருக்கிறது. பலகையிலும் இருக்கிறது. மூட்டை மட்டும் இல்லை. மறுநாள் காலை நான் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே ஆய்வக உதவியாளரிடமிருந்து அழைப்பு.

"சார், எல்லா சிஸ்டத்துலயும் 404 வருது."

"எதுல?"

"நீங்க நேத்து ஏதோ சரி பண்ணீங்களே, அதுல."

சரிசெய்ய வழி எளிது: 'ரிமூவ்' கொடுத்துப் பேரேட்டிலிருந்தும் எடுத்து, 1.1 என்ற எண்ணில் புதுப் பொதி சேர்த்தேன். கோப்பு கைவசம் இல்லையே என்று ரெப்ரெப்ரோ ஒரு முறை முணுமுணுத்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து பூலுக்குள் கையால் எதையும் போடுவதில்லை, எடுப்பதுமில்லை. ரிமூவ் கொடுத்தால், வேறு யாரும் பயன்படுத்தாத மூட்டையை அதுவே பூலிலிருந்து அகற்றிவிடும். சந்தேகம் வந்தால் 'செக்', 'செக்பூல்' என்ற இரண்டு கட்டளைகள் பேரேட்டையும் அறையையும் ஒப்பிட்டுச் சொல்லும். மாதம் ஒரு தடவை ஓட்டுகிறேன்.

கணினிகளுக்குக் கொண்டுபோக

என்ஜின்எக்ஸோ அப்பாச்சியோ, தெரிந்த வலைச் சேவையகம் ஒன்றை நிறுவி, டிஸ்ட்ஸ், பூல் இரண்டு அடைவுகளை மட்டும் வெளியே காட்டுங்கள். கான்ஃபும் டிபியும் வெளியே தெரியக்கூடாது.

ஒவ்வொரு கணினியிலும் லேப்.ஜிபிஜி கோப்பை /இடிசி/ஆப்ட்/கீரிங்ஸ் அடைவில் வையுங்கள். எல்லோரும் படிக்கும்படி அனுமதி 644 இருக்க வேண்டும். ஆப்ட் பதிவிறக்கத்துக்கு '_ஆப்ட்' என்ற எளிய கணக்கைப் பயன்படுத்துகிறது, ரூட் மட்டுமே படிக்க முடிகிற சாவி அதற்கு இல்லாத சாவிதான். பிறகு சோர்சஸ்.லிஸ்ட்.டி அடைவில் 'லேப்.சோர்சஸ்' என்ற கோப்பு:

டைப்ஸ்: டெப்
யூஆர்ஐஸ்: எச்டிடிபி://192.168.1.10/டெப்
சூட்ஸ்: ட்ரிக்ஸி
காம்பொனன்ட்ஸ்: மெயின்
சைன்ட்-பை: /இடிசி/ஆப்ட்/கீரிங்ஸ்/லேப்.ஜிபிஜி

எண் முகவரி உங்கள் சேவையகத்துடையது. பழைய வழிகாட்டிகளில் 'ஆப்ட்-கீ' என்ற கட்டளையால் சாவியைச் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சேர்த்த சாவி எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லுபடியாகிவிடும் என்பதால் அந்த முறையைக் கைவிட்டுவிட்டார்கள், டெபியன் 13-இல் அந்தக் கட்டளையே கிடையாது. சைன்ட்-பை வரி இருந்தால் இந்தச் சாவி இந்தக் களஞ்சியத்துக்கு மட்டும்.

ஆப்ட் அப்டேட் கொடுத்ததும் சாவி இல்லை என்று வந்தால் பாதையையும் 644-ஐயும் பாருங்கள். ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று வந்தால் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய கணினிகளில் மதர்போர்டு பேட்டரி செத்து, தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும், அதன் கண்ணுக்கு நம் முத்திரை எதிர்காலத்தில் போட்டது. 'ஹேஷ் சம்' ஒத்துவரவில்லை என்றால், பலகையை நீங்கள் திருத்திக்கொண்டிருந்த அதே நேரத்தில் அது படித்திருக்கலாம், அல்லது நடுவில் ஏதோ ஓர் இடைச்சேமிப்பு பழைய நகலைத் தந்திருக்கலாம். கொஞ்சம் பொறுத்து மறுபடி அப்டேட்.

எந்தப் பதிப்பு எங்கிருந்து வரப்போகிறது என்று அறிய 'ஆப்ட்-கேஷ் பாலிசி லேப்-தமிழ்'. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தரும் கட்டளை இதுதான். நிறுவியது எது, கிடைப்பது எது, எந்தக் களஞ்சியம் என்று மூன்றையும் ஒரே பார்வையில் காட்டும்.

பதிப்பு எண்ணின் விவகாரம்

1.10 என்பது 1.9-ஐவிடப் பெரியது. பள்ளிக்கூடத் தசமக் கணக்கை மறந்துவிடுங்கள், புள்ளிக்குப் பின்னால் வருவது பத்து என்ற முழு எண். அலைக்குறி இருந்தால் சிறியது: 2.0~சோதனை1 என்பது 2.0-க்கு முன்னால் வரும். வெள்ளோட்டம் விட இது வசதி. டெபியன் தரும் ஒரு பொதியில் நீங்கள் கைவைத்துக் கட்டினால் எண்ணின் கடைசியில் '+லேப்1' என்று ஒட்டுங்கள், டெபியனின் எண்ணைவிட ஒரு சிட்டிகை பெரியதாகி உங்களுடையது முன்னால் நிற்கும். சந்தேகம் இருந்தால் டிபிகேஜியின் --கம்பேர்-வெர்ஷன்ஸ் விருப்பத்திடம் கேட்டுக்கொள்ளலாம்.

2.0 சொதப்பிவிட்டது, 1.9-க்குத் திரும்ப வேண்டும் என்றால்? பழையதைச் சேர்க்கப் பார்த்தால், என்னிடம் புதிதே இருக்கிறது என்று ரெப்ரெப்ரோ தவிர்த்துவிடும். நீக்கிவிட்டுச் சேர்த்தாலும், 2.0 ஏற்கெனவே ஏறிய கணினிகள் தாமாக இறங்கி வராது. டெபியன்காரர்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். பழைய சரக்கையே '2.0+ரியலி1.9' என்ற எண்ணில் கட்டி அனுப்புவார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் எண் ஏறுமுகம், சரக்கு இறங்குமுகம், வேலை முடியும்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் டிஸ்ட்ரிப்யூஷன்ஸ் கோப்பில் 'ட்ரிக்ஸி-டெஸ்ட்' என்று இரண்டாவது பத்தி போடுங்கள். ஒரே ஒரு கணினியை அதில் இணையுங்கள், நான் என் மேசைக் கணினியை இணைத்திருக்கிறேன். புதுப் பொதி முதலில் அங்கே போகட்டும். இரண்டு நாள் கழித்து:

ரெப்ரெப்ரோ -பி /எஸ்ஆர்வி/டெப் காப்பி ட்ரிக்ஸி ட்ரிக்ஸி-டெஸ்ட் லேப்-தமிழ்

போகும் இடம் முதலில், எடுக்கும் இடம் பிறகு. தலைகீழாக நினைத்துக்கொண்டு தடுமாறுவது சகஜம்.

டெபியனின் பொதிகளையும் இறக்கி வைக்கலாமா?

இணையம் இல்லாத நாளுக்காக முழு டெபியனையும் நகலெடுத்து வைக்கலாமே என்று முதலில் எனக்கும் ஆசை வந்தது. எல்லாக் கட்டமைப்பையும் சேர்த்தால் டெராபைட் கணக்கில் போகும், அதில் 18 கணினிகள் தொடுவது கைப்பிடி அளவு. 'ஆப்ட்-கேச்சர்-என்ஜி' என்ற பொதியைச் சேவையகத்தில் போடுங்கள். முதல் கணினி கேட்கும்போது இணையத்திலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு, மற்ற 17 கணினிகளுக்கும் தன்னிடம் இருப்பதையே தரும். 3142 என்ற வாயிலில் (போர்ட்) கேட்கும், கணினிகளின் ஆப்ட் அமைப்பில் அதைப் ப்ராக்ஸியாக எழுதினால் போதும். டெபியன் முகவரிகளை எச்டிடிபி என்றே வையுங்கள், பூட்டிய எச்டிடிபிஎஸ் வழியாகப் போவதை அதனால் சேமிக்க முடியாது. முத்திரைச் சங்கிலி இருப்பதால் இதில் பயப்பட ஒன்றுமில்லை.

பெரிய கருவிகள்

பல சேவையகங்கள், வாரா வாரம் வெளியீடு என்று வேலை வளர்ந்தால் 'ஆப்ட்லி' பக்கம் போகலாம். கோ மொழியில் எழுதியது. அதன் சிறப்பு 'ஸ்னாப்ஷாட்': களஞ்சியத்தின் இன்றைய நிலையைப் புகைப்படம்போல உறைய வைத்து, அந்தப் படத்தைத்தான் வெளியிடுவீர்கள். 'பப்ளிஷ் ஸ்விட்ச்' என்று ஒரே கட்டளையில் புதிய படத்துக்கு மாறலாம், பிடிக்கவில்லை என்றால் பழைய படத்துக்கே திரும்பலாம். களஞ்சியத்துக்குத்தான் இந்தத் திரும்புதல், ஏற்கெனவே ஏறிய கணினிகளுக்கு மேலே சொன்ன விதிதான்.

டெபியனே தன் களஞ்சியத்தை நடத்துவது 'டாக்' என்ற கருவித்தொகுப்பால்: டி, ஏ, கே. டெபியன் ஆர்க்கைவ் கிட் என்பதன் சுருக்கம். ஒரே பெயரின் கீழ் பல துணைக் கட்டளைகள்: 'டாக் எல்எஸ்' பொதி எந்த வெளியீட்டில் என்ன பதிப்பில் இருக்கிறது என்று காட்டும், 'டாக் ஆர்எம்' நீக்கும், 'டாக் ஓவர்ரைட்' ஒரு பொதியின் செக்‌ஷனையும் ப்ரயாரிட்டியையும் களஞ்சியத்தின் தரப்பிலிருந்து மாற்றும். பொதியைக் கட்டியவர் என்ன எழுதினாலும் பலகையில் என்ன ஏற வேண்டும் என்பது களஞ்சியக்காரரின் முடிவு, பெரிய இடத்திலும் அப்படித்தான். ஆர்எம்மோடு '-ஆர்' (பெரிய எழுத்து), '-என்' (சிறிய எழுத்து) சேர்த்தால், எதையும் நீக்காமல், நீக்கினால் எந்தெந்தப் பொதிகள் உடையும் என்று மட்டும் சொல்லும். இது ரெப்ரெப்ரோவில் இல்லையே என்பது என் குறை. ஒரு நாளைக்கு நான்கு முறை டெபியனின் பலகை புதுப்பிக்கப்படுகிறது, முதன்முறையாக வரும் பொதிகள் ஒரு தனி வரிசையில் நின்று, மனிதர்கள் பார்த்து அனுமதித்த பிறகே உள்ளே போகும்.

நமக்கு டாக் தேவைப்படாது, அமைப்பதும் லேசில்லை. ஆனால் 'டெவ்ஸ்கிரிப்ட்ஸ்' பொதியில் இருக்கும் 'ஆர்மேடிசன்' கட்டளையை நிறுவிப் பாருங்கள். டாக் எல்எஸ் காட்டும் அதே விவரத்தை உங்கள் மேசையிலிருந்தே இணையம் வழியாகக் கேட்டு வாங்கலாம். இதில் ஆழமாகப் போக ஆசை இருந்தால் ஆட்கள் தூரத்தில் இல்லை. டெபியன்காரர்கள் கூடும் மாநாட்டுக்கு 'டெப்கான்ஃப்' என்று பெயர். 2023 ஜனவரியில் மினி டெப்கான்ஃப் நம் பக்கத்து விழுப்புரத்திலேயே நடந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் உலக டெப்கான்ஃப் கொச்சியில். இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனிலிருந்து கிளைத்ததுதான், அதில் ஓடும் கணினிகளுக்கும் இதே முறையில் பொதி கொடுக்கலாம், கோட்நேம் மட்டும் அதற்கேற்ப.

தேதியும் பீரோவும்

சாவிக்கு 2 ஆண்டு கொடுத்தோம் இல்லையா, அது முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டமிடுங்கள். ஜிபிஜியின் --குவிக்-செட்-எக்ஸ்பயர் கொண்டு காலத்தை நீட்டலாம். சேவையகத்தில் நீட்டினால் மட்டும் போதாது, கணினிகளிடம் இருப்பது பழைய தேதி போட்ட நகல். நீட்டிய சாவியை மறுபடி எக்ஸ்போர்ட் செய்து 18 இடத்துக்கும் போக வேண்டும். இதற்காகவே 'லேப்-கீரிங்' என்று ஒரு பொதி கட்டி, சாவிக் கோப்பை அதற்குள் வைத்துவிட்டேன். அடுத்த முறை எண்ணை ஏற்றிக் களஞ்சியத்தில் சேர்ப்பேன், பழைய சாவி உயிரோடு இருக்கும்போதே ஆப்ட் புதியதை வாங்கிக்கொள்ளும். காலாவதியான பிறகு செய்தால் இந்தப் பொதியையே கணினிகள் ஏற்காது, அதனால்தான் இரண்டு மாதம் முன்பு.

ரகசியச் சாவியை --எக்ஸ்போர்ட்-சீக்ரெட்-கீஸ் கொடுத்து எடுத்து, கான்ஃப், டிபி அடைவுகளோடு இரண்டு பென்டிரைவில் வைத்திருக்கிறேன். பூல் போனால் பொதிகளை மறுபடி கட்டிக்கொள்ளலாம், சாவி போனால் 18 கணினிக்கும் மறுபடி நடை. ஒன்று ஆய்வகத்தில் இருக்கிறது. இன்னொன்று முதுநகரில் என் வீட்டில், மழைக்காலத்தில் தண்ணீர் வரும் தெரு என்பதால், பீரோவின் மேல்தட்டில்.